வெள்ளைப் புழுவும் ஒரு பழைய பல் பிரஷும்

சித்திரை மாதத்துக் காலை ஒன்றில், வெயில் ஏறுவதற்கு முன்பாக மொட்டை மாடிக்குப் போன நான், அடுக்குச் செம்பருத்தியின் கொழுந்துகளில் எல்லாம் யாரோ பஞ்சைப் பிய்த்து ஒட்டிவைத்தது போன்ற வெள்ளைத் திட்டுகளைக் கண்டேன். மாவுப்பூச்சி என்பது பார்த்ததுமே தெரிந்தது. கோவையில் நான்கு தொட்டி வைத்திருப்பவருக்குக்கூட அது அறிமுகமான விருந்தாளிதான். ஒரு குவளையில் சோப்புத் தண்ணீரும், தேய்ந்துபோன பல் பிரஷ் ஒன்றும் எடுத்துக்கொண்டு, முக்காலி போட்டு உட்கார்ந்து, கிளை கிளையாகத் தேய்த்துக் கழுவினேன். அந்தக் கூட்டத்தில், மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெங்கும் வெள்ளை இழைகள் சிலிர்த்து நிற்க, இங்குமங்கும் விரைந்து ஓடிக்கொண்டிருந்த சில புழுக்களைப் பார்த்ததும், இவைதாம் தாய்ப் பூச்சிகளாக இருக்க வேண்டும் என்று நானே முடிவுகட்டி, தேடித் தேடி அவற்றை முதலில் நசுக்கினேன். பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும். கையெல்லாம் மஞ்சளாகக் கறை படிந்ததைக்கூட அன்று பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரத்தில் செம்பருத்தியில் முன்னைவிட அதிகமாக மாவு படிந்திருந்தது. பக்கத்திலிருந்த கொய்யாவுக்கும் அது ஏறியிருந்தது.

அந்த வாரம் ஒரு காதுகுத்து விசேஷத்துக்காக அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாமா, எந்த வீட்டுக்குப் போனாலும் செய்வதைப் போலவே, காப்பி குடித்த கையோடு செடிகளைப் பார்க்க மாடி ஏறினார். செம்பருத்தியின் முன்னால் குனிந்து நின்றவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இலைக்கு அருகில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தச் சிலிர்த்த வெள்ளைப் புழுக்களில் மிச்சமிருந்த ஒன்றை விரல் நுனியில் ஏற்றி என்னிடம் காட்டினார்.

“கண்ணு, இதுகளயுமா சேத்துத் தேச்சுப்போட்டே?”

“ஆமாங் மாமா. இதுதானுங்க தாய்ப்பூச்சி?”

“இது தாயுமில்ல, பிள்ளையுமில்ல. மாவுப்பூச்சியத் திங்க வந்த பொறிவண்டோட குட்டி. பாரு, நகத்து மேல எப்படி ஓடுது. மாவுப்பூச்சி இப்படி ஓடுமா?”

ஓடாதுதான். மாவுப்பூச்சி தன் ஊசி போன்ற வாயைத் தண்டுக்குள் செருகிச் சாற்றை உறிஞ்சிக்கொண்டு ஒரே இடத்தில் கிடக்கும். குச்சியால் தொட்டால்கூடச் சோம்பேறித்தனமாக நகருமே தவிர, விரைந்து ஓடாது. நான் நசுக்கியவை கிரிப்டோலீமஸ் என்ற பொறிவண்டின் புழுக்களாகவோ, அதன் நெருங்கிய உறவான ஸ்கிம்னஸ் வண்டின் புழுக்களாகவோ இருந்திருக்க வேண்டும். இரண்டு வகைப் புழுக்களும் உடம்பில் மெழுகு இழைகளைச் சுரந்து, தாம் தின்னப்போகும் இரையின் உருவத்திலேயே அந்தக் கூட்டத்துக்குள் புகுந்துவிடுகின்றன. மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்புகளின் கடியிலிருந்து அவற்றைக் காப்பாற்றுவதும் அந்த மெழுகுதான். எறும்பை ஏமாற்றுவதற்காக அவை போட்ட வேடத்தில் நானும் ஏமாந்து, எதிரியின் படையை ஒழிக்க முடியாமல் உதவிக்கு வந்தவர்களைத் தேடிப் பிடித்து முடித்திருந்தேன்.

கிரிப்டோலீமஸின் சொந்த நாடு ஆஸ்திரேலியா. காப்பிச் செடியைத் தாக்கும் பச்சைச் செதிள் பூச்சியை ஒழிப்பதற்காக 1898-இல் அது இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வந்த வேலையில் பெரிதாகச் சாதிக்கவில்லை என்றாலும், மாவுப்பூச்சியைத் தின்பதில் பின்னாளில் அது பெயர் வாங்கிவிட்டது. வளர்ந்த வண்டு நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும்: கறுப்பு முதுகு, ஆரஞ்சும் பழுப்பும் கலந்த தலை, அதே நிறத்தில் வால் நுனி. அதன் புழுவோ ஒரு சென்டிமீட்டரையும் தாண்டி வளரும். பொறிவண்டு என்றால் சிவப்பில் கறுப்புப் புள்ளி என்று பாடப்புத்தகப் படத்திலிருந்தே நாம் கற்றுக்கொண்டதால், இந்த வெள்ளை உரோமக் குட்டியை அந்தக் குடும்பத்தில் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மாமாவுக்கு இது இவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. 2008-இல் அவருடைய ஒன்றரை ஏக்கர் பப்பாளியும் மாவு பூசியது போல வெளுத்து, கருகி, காய் ஒன்றுகூடத் தேறாமல் போனது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது அந்த ஆண்டில், எங்கள் கோவையில்தான். தாயகத்தில் அதை அடக்கிவைத்திருந்த எதிரிகள் எதுவும் கூடவே வந்திருக்கவில்லை. பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி, காட்டாமணக்கு என்று கண்ணில் பட்டதிலெல்லாம் ஏறியது. மல்பெரி போனதால் பட்டுப்புழு வளர்த்தவர்கள் தட்டுகளைக் கவிழ்த்துவைத்தார்கள். எல்லோரும் மருந்தடித்தார்கள். பூச்சியின் மேலிருந்த மெழுகில் மருந்து வழுக்கிக்கொண்டு போனது. மெழுகில்லாத சிலந்தியும் வண்டும் குளவியும்தான் அதில் செத்தன. மாமாவும் வாரம் ஒரு மருந்து என்று மாற்றி மாற்றி அடித்து, கடைசியில் மரங்களை வெட்டித் தீவைத்தார்.

அதற்குத் தீர்வு வந்தது, ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு குளவியின் வடிவில். 2010 ஜூலையில், அமெரிக்க வேளாண் துறையின் உதவியோடு, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருவில் இருந்த தேசியப் பூச்சி ஆய்வுப் பணியகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் அசிரோபேகஸ் பப்பாயே என்ற குளவியைப் பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் விவசாயிகளுக்குக் கொடுத்தன. அந்தக் குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் குட்டி உள்ளிருந்தே தின்று, பூச்சியை வெறும் கூடாக்கிவிட்டு, கூட்டில் வட்டமாக ஓர் ஓட்டை போட்டு வெளியேறும். இரண்டு ஆண்டுகளுக்குள் அந்தப் பெரும் கொள்ளை அடங்கியது. மாமா தன் வயலுக்கு அதை வாங்கிவந்த கதையைச் சொல்லும்போதெல்லாம், “ஒரு சின்ன டப்பா, கண்ணு. உள்ள ஒண்ணுமே தெரியல. என்னய ஏமாத்திப்போட்டாங்கன்னுதான் நினைச்சேன்” என்று சிரிப்பார்.

மாவுப்பூச்சியைத் தின்பவர்களில் ஒரு பட்டாம்பூச்சியும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பால்கிஸ் என்ற இந்தச் சின்னஞ்சிறிய பட்டாம்பூச்சியின் புழு இலையைத் தொடுவதே இல்லை. மாவுப்பூச்சிகளுக்கு நடுவில், அவற்றின் மெழுகையே முதுகில் பூசிக்கொண்டு, அவற்றைத் தின்று வளர்கிறது. அதன் கூட்டுப்புழுவை மேலிருந்து பார்த்தால் கண், மூக்கு, வாயோடு ஒரு குரங்கின் முகம் அப்படியே தெரியும். என் கொய்யாவின் தண்டில் ஒரே ஒரு முறை அந்தக் குரங்கு முகத்தைப் பார்த்திருக்கிறேன். பல் பிரஷ் காலத்தில் எத்தனையைப் பார்க்காமலே தேய்த்தேனோ தெரியாது.

அன்றிலிருந்து நான் மாற்றிக்கொண்ட பழக்கம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு பூச்சியைக் கண்டால் மூன்று நாள் அதை ஒன்றும் செய்யாமல் பார்ப்பது. நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு பூதக்கண்ணாடி வாங்கி, கயிற்றில் கட்டி மாடிக் கதவின் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். எங்கள் 43 செடிப் பைகளுக்காக நான் வாங்கிய எல்லாவற்றிலும் அதிகப் பயன் தந்தது அதுதான். இரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டு, பார்க்காமல் கொள்ளாமல் வாரம் ஒரு கரைசலைத் தெளிப்பவர்கள், மாமா 2008-இல் செய்த அதே தவற்றை வேறு குப்பியைக் கொண்டு செய்கிறார்கள் என்பதே என் எண்ணம். நானும் சில ஆண்டுகள் அதைத்தான் செய்தேன் என்பதால், இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு.

வேப்பெண்ணெயையே எடுத்துக்கொள்வோம். எண்ணெய் தண்ணீரில் கரையாது என்பது தாளிக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் தெளிப்பானில் தண்ணீரை ஊற்றி, மேலே இரண்டு மூடி வேப்பெண்ணெயை விட்டு, குலுக்கி அடித்த முதல் ஆள் நானாக இருக்க மாட்டேன். முதலில் வெறும் தண்ணீர்தான் வந்தது. ஆறாவது ஏழாவது செடிக்குப் போனபோது, மேலே மிதந்த எண்ணெய் முழுவதும் குழாய்க்குள் இறங்கி, என் கத்தரி நாற்றுகளின் மேல் கொழகொழவென்று விழுந்தது. காலை பத்து மணி வெயில் வேறு. மறுநாள் அந்தப் பிஞ்சு இலைகள் அப்பளம் பொரித்தது போல ஓரம் சுருண்டு பழுத்திருந்தன.

முறையாகச் செய்வதென்றால், காதி சோப்பைத் துருவிக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொண்டு, ஒரு லிட்டர்க் கரைசலுக்கு ஐந்து மில்லி என்ற கணக்கில் எண்ணெயை அந்தச் சோப்புக் கரைசலில் முதலில் விட்டு, பால் போல வெளுக்கும்வரை கலக்கி, அதன் பிறகே மீதித் தண்ணீரைச் சேர்க்க வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கினால் இன்னும் கலக்க வேண்டும் என்று பொருள். வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும்; ஏனென்றால் பூச்சி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது, வேம்பின் சத்தும் கடும் வெயிலில் விரைவாகச் சிதைந்துவிடுகிறது. எண்ணெயைவிட வேப்பங்கொட்டைக் கரைசலே சிறந்தது என்பது என் அனுபவம். ஆனி, ஆடியில் மரத்தடியில் விழும் பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி வைத்துக்கொண்டால், மூன்றாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம்வரை அவற்றில் வீரியம் நன்றாக இருக்கும். ஓடு நீக்கிய பருப்பு 50 கிராமை இடித்து, துணியில் முடிந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பால் வடியப் பிழிந்து, சிறிது சோப்பு சேர்த்து அன்று மாலையே அடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு எடுத்துவைப்பதில் பயனில்லை.

வேம்பு உடனே கொல்லாது என்பதால்தான் பலர் அதன்மேல் நம்பிக்கை இழக்கிறார்கள். அதிலுள்ள அசாடிராக்டின் என்ற பொருள் பூச்சிக்கு இலையைக் கசப்பாக்கித் தின்னவிடாமல் செய்கிறது. அதையும் மீறித் தின்ற புழு சரியான பருவத்தில் தோலுரிக்க முடியாமல் தடுமாறிச் சாகிறது. 1962-இல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் வெட்டுக்கிளிப் படை இறங்கியபோது, வேப்பம் பருப்புக் கரைசல் தெளித்த பயிரில் அவை உட்கார்ந்தும் கடிக்காமல் போனதைப் பிரதான் என்ற பூச்சியியலாளர் பதிவுசெய்தார். அதே வேம்பின் எண்ணெயைக் கொண்டு பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு, அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. வழக்கு நடந்து, 2000-இல் அது ரத்தானது, மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியானது. உளுந்துப் பானைக்குள் வேப்பிலையை அடுக்கிவைக்கும் என் அம்மிச்சியிடம் இந்த வழக்கைப் பற்றிச் சொல்லியிருந்தால், வேப்பமரத்தை அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

ஆனால் ஒன்று: தோலுரிப்பதைத் தடுக்கும் மருந்து, பொறிவண்டுப் புழுவின் தோலுக்கும் விலக்குக் கொடுப்பதில்லை. மாலையில் தெளித்தால் தேனீ தப்பிக்கும். அந்த இலையிலேயே கிடக்கும் நல்ல புழு தப்பிக்காது. அதனால் இப்போது நான் தோட்டம் முழுவதற்கும் அடிப்பதே இல்லை. தாக்குதல் உள்ள கிளைக்கு மட்டும், நல்ல பூச்சி எதுவும் வந்துசேரவில்லை என்பதைக் கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகு மட்டும் அடிக்கிறேன்.

செம்பருத்தி விஷயத்தில் எனக்குப் பெரிதும் உதவியது வேம்புகூட இல்லை, எறும்பை விலக்கியதுதான். மாவுப்பூச்சியும், செடிப்பேன் என்று சொல்லப்படும் அசுவினியும் செடியின் சாற்றை அளவுக்கு மீறி உறிஞ்சி, மிஞ்சிய இனிப்பைச் சொட்டுச் சொட்டாக வெளியேற்றுகின்றன. அந்தத் தேன்துளிக்காக எறும்புகள் அவற்றை மாடு மேய்ப்பது போலக் காக்கின்றன. குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போய் வேறு கொழுந்தில் விடுகின்றன. பொறிவண்டு வந்தால் விரட்டுகின்றன. இலையின் மேல் கரி பூசியது போலப் படியும் கரும்பூசணமும் அந்த இனிப்பில் வளர்வதுதான். வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிறோம் அல்லவா, அதையே செய்தேன்: செம்பருத்தித் தொட்டியை ஒரு பழைய இரும்பு ஸ்டாண்டின் மேல் ஏற்றி, நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். டெங்குக் காலத்தில் கிண்ணத் தண்ணீர் வேறு வம்பு என்பதால், பிறகு கிண்ணத்தை எடுத்துவிட்டுக் கால்களில் கிரீஸ் தடவினேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த இரண்டு கிளைகளையும் வெட்டினேன். இல்லாவிட்டால் எறும்பு பாலம் வழியாக வரும். ஒரு மாதத்தில் அந்தச் சிலிர்த்த வெள்ளைக் குட்டிகள் மறுபடியும் தென்பட்டன. அவற்றுக்கு வழிவிட்டு நான் ஒதுங்கிக்கொண்டேன்.

தோற்றத்தை வைத்து ஏமாறுவதில் இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கத்தரி இலையில் ஆரஞ்சு நிறத்தில், புள்ளி புள்ளியாக, பார்த்தால் பொறிவண்டே போல உட்கார்ந்திருக்கும் ஒன்றை நண்பன் என்று நினைத்து நான் ஒரு மாதம் வளர்த்திருக்கிறேன். அது எபிலாக்னா, பொறிவண்டுக் குடும்பத்தில் பிறந்து இலை தின்னப் பழகிய கிளை. அதன் மஞ்சள் முள் புழு இலையின் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, நரம்புகளை மட்டும் சல்லடை போல விட்டுவைக்கும். அடையாளம் எளிதுதான்: நல்ல பொறிவண்டின் முதுகு மெருகு போட்டது போலப் பளபளக்கும், எபிலாக்னாவின் முதுகோ மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். இரண்டும் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக நிறுத்திவைப்பதால், முட்டையை வைத்து முடிவெடுப்பதில் தவறு நேரும். அசுவினிக் கூட்டத்துக்கு அருகில் இருந்தால் விட்டுவிடுகிறேன். அசுவினியே இல்லாத கத்தரி இலையின் அடியில் இருந்தால் இலையோடு கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுகிறேன்.

கத்தரியின் பெரிய தலைவலி எபிலாக்னாவும் இல்லை, தண்டையும் காயையும் துளைக்கும் புழுதான். பி.டி. கத்தரி நாட்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்று பெரிய விவாதம் நடந்து, 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்திவைத்ததே, அந்த மரபணு மாற்றம் எல்லாம் இந்த ஒரு புழுவுக்காகத்தான். இதற்கு எந்தக் கரைசலும் பயன்படாது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்திலேயே புழு தண்டுக்குள் போய்க் கழிவால் வாசலை அடைத்துக்கொள்கிறது. பிறகு வெளியே எதைத் தெளித்தால் என்ன? மண் ஈரமாக இருக்கும்போதே ஒரு கொழுந்து மட்டும் தலை தொங்கி நின்றால், அதன் கீழே துளை இருக்கிறது. துளைக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு வெட்டி, அதை உரக்குழியில் போடாமல், கொதிநீரில் போட்டுவிட வேண்டும். முதல் முறை நான் அந்தத் தண்டை நகத்தால் நீளவாக்கில் பிளந்து பார்த்தபோது, உள்ளே இளஞ்சிவப்பாக, பென்சில் முனை அளவுக்கு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து பின்வாங்கிய ஒன்று இருந்தது. ஒரு பருவம் முழுவதும் தினமும் காலையில் தொங்கும் கொழுந்தைத் தேடிக் கிள்ளியதில், நான்கில் ஒரு காய் சொத்தை என்ற நிலையிலிருந்து எப்போதாவது ஒன்று என்ற நிலைக்கு வந்தோம். இனக்கவர்ச்சிப் பொறியும் ஒன்று தொங்கவிட்டிருக்கிறேன்; ஆண் அந்துப்பூச்சிகள் அதில் வந்து விழுகின்றன.

பாகற்காயில் பழ ஈ. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் அதற்குள் தாய் ஈ முட்டையைக் குத்திவைத்துவிடுகிறது. காய் ஒரு பக்கம் வளைந்து, மஞ்சளாகி, வெட்டினால் உள்ளே புழுக்கள் துள்ளுகின்றன. கடைகளில் கிடைக்கும் கவர்ச்சிப் பொறி ஆண் ஈக்களை மட்டுமே ஈர்க்கும் என்பதாலும், பக்கத்து மாடியிலிருந்து புதிய ஈ வருவதை அது தடுக்காது என்பதாலும், நான் பிஞ்சுக்கே உறை போட்டுவிடுகிறேன். பழைய வெள்ளை வேட்டியில் தைத்த பைகள் முப்பது இருக்கின்றன. காயைப் பைக்குள் விட்டு நாடாவை இறுக்கினால் முடிந்தது. பார்க்க வருபவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வெண்டையில் இலை நரம்பு மஞ்சளித்துவிட்டால் மட்டும் நான் மூன்று நாள் காத்திருப்பதில்லை. அது வெள்ளை ஈ கொண்டுவந்து ஏற்றிய வைரஸ், மருந்து கிடையாது. அன்றே அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈக்காக மஞ்சள் ஒட்டும் அட்டை வைப்பது எல்லோரும் அறிந்ததுதான். மஞ்சள் தட்டில் விளக்கெண்ணெய் தடவியும் வைக்கலாம். ஆனால் அந்த அட்டையில் மாமாவின் டப்பாக் குளவியைப் போன்ற நல்லவையும் வந்து ஒட்டிக்கொள்வதைப் பார்த்த பிறகு, ஈ எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒன்று மட்டும் வைக்கிறேன். இன்னொன்று, கடலைப் புண்ணாக்கை வாரந்தோறும் ஊற்றிய காலத்தில்தான் என் செடிகள் பார்க்க மிகச் செழிப்பாகவும், அசுவினிக்கு மிக இனிப்பாகவும் இருந்தன. இப்போது மாதம் ஒரு முறைதான்.

‘இயற்கை’ என்ற சொல் நம் கண்ணைக் கட்டிவிடுகிறது. புகையிலையை ஊறவைத்துத் தெளிப்பது பல ஆண்டுப் பழக்கம் என்று சொல்லி, கையுறை இல்லாமல் அதைக் கரைத்த உறவினர் ஒருவர், தலைசுற்றலும் வாந்தியுமாக இரவு முழுவதும் அவதிப்பட்டார். நிக்கோட்டின் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் நஞ்சு. தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் தேமல் வைரஸ் புகையிலைத் தூளோடு வருவதும் உண்டு. ஊமத்தையும் அப்படித்தான், குழந்தைகள் ஓடியாடும் மாடியில் அந்தக் கரைசல் எனக்கு வேண்டாம். ஒரு நாற்றுப் பண்ணையில் ‘நூறு சதவீதம் இயற்கை’ என்று அச்சிட்ட குப்பி ஒன்றை நானும் வாங்கினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அதில் ஒரு வரிகூட இல்லை, கேட்டபோது விற்றவருக்கும் தெரியவில்லை. அது அடித்த மறுநாள் தொட்டிக்குள் மண்புழுக்கள் செத்து மேலே கிடந்தன. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய்க் கரைசலில் அந்தப் பயம் இல்லை என்றாலும், ஆடிக் காற்றுக்கு எதிரே நின்று அதைத் தெளித்தவர்களுக்குத் தெரியும், பூச்சியைவிட நம் கண்தான் அதிகம் எரிகிறது என்பது.

இப்போது மாடிப்படி முடியும் இடத்தில் மூன்று தொட்டிகளில் தட்டைப்பயறு வைத்திருக்கிறேன். சமையலுக்கு இல்லை. தட்டைப்பயறில் அசுவினி வராமல் இருக்காது. கறுப்பாக, தண்டே தெரியாமல் அப்பிக்கொள்ளும். ஆணே இல்லாமல், முட்டையும் இடாமல், பெண் பூச்சி நேராகக் குட்டிகளை ஈன்றுகொண்டே போவதால், நான்கு நாளில் ஒரு கொழுந்து முழுவதும் நிறைந்துவிடும். அந்த அசுவினியைத் தேடிப் பொறிவண்டுகளும், வளைந்த கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் வண்டுகளும், மலர் ஈக்களின் கண்ணில்லாத பச்சைப் புழுக்களும் வந்து குடியேறும். பருத்திக் காட்டின் வரப்பில் தட்டைப்பயறு விதைக்கும் பழக்கத்தை மாமாவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மிளகாயிலோ அவரையிலோ அசுவினி தலைகாட்டினால், தட்டைப்பயறிலிருந்து ஒரு வண்டுக் குட்டியைத் தூரிகையால் தொட்டு எடுத்து அங்கே விடுகிறேன். வளர்ந்த வண்டை விட்டால் பறந்துவிடுகிறது. குட்டிக்கு இறக்கை இல்லை, இருக்கிற இடத்தில் தின்றாக வேண்டும்.

போன வாரம் கீழ்வீட்டு அக்கா, துணி காயப்போட வந்தவர், அந்தத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு பூச்சி புடிச்சுக் கெடக்குது, மருந்தடிக்கலீங்களா?” என்று கேட்டார். பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்தேன். ஓர் இலையின் அடியில், தலைமுடியை விட மெல்லிய காம்புகளின் நுனியில், கடுகில் நாலில் ஒரு பங்கு இருக்கும் வெளிர்பச்சை முட்டைகள் ஏழு நின்றன. பச்சை நிறமும் கண்ணாடி போன்ற இறக்கையும் கொண்ட, அசுவினியைத் தின்னும் புழுக்களின் தாயான லேஸ்விங் என்ற பூச்சி, முதலில் பொரிந்தது மற்ற முட்டைகளைத் தின்றுவிடாதபடி இப்படித் தனித்தனிக் காம்பில் வைக்கிறது. அக்கா மூச்சு பட்டு அசையாதபடி தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு வாளியிலிருந்த போர்வையை அந்தப் பக்கத்துக் கொடியில் போடாமல், தண்ணீர்த் தொட்டிக்கு அந்தண்டை இருந்த கொடிக்கு எடுத்துக்கொண்டு போனார்.